படுத்தவரை எழுப்பும் இல்லமா, படுக்கவே வைக்கும் இல்லமா?



"அப்பாவுக்குப் பாரிசவாதம். ஆஸ்பத்திரியில டிக்கட் வெட்டிட்டாங்க. வீட்டில பாக்க ஆளில்ல. ஏதாவது ஒரு இல்லத்தில விட்டா என்ன?"

வண்ணாத்திவில்லு, எலுவன்குளம் பக்கத்துத் தென்னந்தோட்டங்களிலும் கஜுத் தோட்டங்களிலும் இன்று பல குடும்பங்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. முன்பெல்லாம் ஒருவர் படுக்கையில் விழுந்தால் பார்த்துக்கொள்ள மகளோ மருமகளோ பக்கத்து வீட்டுச் சாச்சியோ இருப்பார்கள். இன்று மகள் கட்டுநாயக்கா கார்மெண்டில், மகன் கொழும்பில், மருமகள் குவைத்தில். முதியவர்களின் தொகையும் கூடிவிட்டது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நம் நாட்டில் நூறு பேரில் சுமார் 8 பேரே 65 வயதையோ அதற்கு மேலோ எட்டியவர்கள். 2024 மதிப்பீட்டில் அது 12 பேருக்கு மேல் போய்விட்டது.

எனவே பெற்றோரை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது வெட்கப்படும் காரியம் அல்ல. ஆனால் எந்த இல்லம் என்று பார்க்காமல் சேர்ப்பது ஆபத்தான காரியம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், நடையைப் பார்க்கிறோம். பெற்ற தாயை விடப்போகும் இடத்தையோ வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். ஓர் இல்லத்தை எப்படி எடைபோடுவது என்பதை இங்கே விளக்குகிறோம். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. கண்ணும் மூக்கும் காதும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில், எது என்ன இடம்?

பெயரைக் கேட்டு மயங்கக் கூடாது. நான்கு விதமான இடங்கள் உண்டு.

ஒன்று, முதியோர் இல்லம். மீரிகம, கைதடி போன்ற இடங்களில் அரசாங்க இல்லங்கள் உள்ளன. கோயில், பள்ளி, பன்சலை, தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் இல்லங்களும் உண்டு. இவற்றில் பல, தன் வேலையைத் தானே செய்யக்கூடிய முதியவர்களுக்கானவை. எழுந்து நடக்க முடியாதவரை இவை ஏற்காமல் விடலாம். முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு, "நேர்சிங் ஹோம்". நம் நாட்டில் இந்தப் பெயர்ப் பலகை பெரும்பாலும் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியைக் குறிக்கும். ஒப்பரேசன், பிரசவம் எல்லாம் அங்கே நடக்கும். மாதக்கணக்காக ஒருவரை வைத்துப் பராமரிக்கும் இடம் அது அல்ல. மேல்நாட்டில் அதே பெயர் முதியோரை நெடுநாள் பராமரிக்கும் இடத்தைக் குறிக்கிறது. இதனால் குழப்பம் வருகிறது.

மூன்று, தனியார் பராமரிப்பு இல்லம். ஒரு வீட்டை எடுத்து, பத்து இருபது கட்டில் போட்டு, மாதக் கட்டணத்துக்குப் படுக்கையில் இருப்பவர்களைப் பார்ப்பார்கள். கொழும்பு, நீர்கொழும்புப் பக்கம் இவை அதிகம். மிக நல்லதும் உண்டு, மிக மோசமானதும் உண்டு. இந்தக் கட்டுரை முக்கியமாக இவற்றைப் பற்றியதே.

நான்கு, புனர்வாழ்வு வைத்தியசாலை. கை கால் விளங்காமல் போனவரைப் பயிற்சி கொடுத்துத் திரும்ப நடமாட வைக்கும் இடம். ராகமையில் அரசாங்கப் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. புத்தளத்துக்கான ரயில் பாதை பிரிவதும் அந்த ராகமைச் சந்தியில்தான். மலையகத்தில் இருக்கும் நம் உறவுகளுக்குக் கண்டியை அடுத்த திகனையில் ஒரு புனர்வாழ்வு வைத்தியசாலை உண்டு. இவை அரசாங்க இடங்கள். நேரே போய்க் கட்டில் கேட்க முடியாது, வைத்தியரின் கடிதம் வேண்டும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். தேங்காய் பறிக்கும் 58 வயதுக்காரர் ஒருவர். ஒருநாள் காலையில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சுக் குழறுகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்து, உயிருக்கு ஆபத்தில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டார் அவரை ஓர் இல்லத்தில் சேர்க்கிறார்கள். அங்கே மூன்று வேளை சோறு ஊட்டுகிறார்கள், துடைத்துவிடுகிறார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஒருவரும் அவரை உட்கார வைக்கவில்லை, நிற்க வைக்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் முழங்கால் மடங்கி இறுகிவிட்டது. கை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. இனி அவரை எழுப்புவது பெரும்பாடு.

பாரிசவாதம் வந்தபின் முதல் மூன்று மாதம் மிகப் பெறுமதியான காலம். உடம்பு தானாகத் தேறுவதும் பயிற்சியால் தேறுவதும் அப்போதுதான் அதிகம். அதற்குப் பிறகும் முன்னேற்றம் வரும், ஆனால் மெதுவாக. அந்த மூன்று மாதத்தைச் சும்மா படுக்கையில் கழித்தால் இழந்ததைத் திரும்பப் பெறுவது கஷ்டம்.

ஆகவே எந்த இல்லத்துக்குப் போனாலும் முதலில் கேட்க வேண்டியது கட்டணத்தை அல்ல. "இவர எழுப்பி நடக்க வைக்க நீங்க என்ன செய்வீங்க? யார் செய்வாங்க? கிழமைக்கு எத்தன நாள்?" என்று கேளுங்கள். இயன்மருத்துவர், அதாவது பிசியோதெரபி செய்பவர், வருகிறாரா? எந்த நாளில்? அவர் வராத நாட்களில் பயிற்சியைச் செய்விப்பது யார்? "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்பது பதில் அல்ல. "திங்களும் வியாழனும் வருவார், மற்ற நாளில் இந்த மிஸ்ஸி காலையில் அரைமணி செய்வார்" என்றால்தான் பதில்.

இதைப் பற்றி நினைக்கும்போது வேலூரில் வாழ்ந்த மேரி வர்கீஸ் என்ற பெண் வைத்தியரை அறிந்துகொள்வது நல்லது. 1954 ஆம் ஆண்டு நடந்த ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அதோடு அவர் முடங்கிவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகத்தால் மடங்கிப்போன கைகளுக்கு ஒப்பரேசன் செய்தார். பின்பு வெளிநாட்டில் புனர்வாழ்வு வைத்தியம் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் புனர்வாழ்வு நிலையம் தொடங்கியது. மரத்திலிருந்து விழுந்து முதுகு உடைந்தவர்கள் போன்றோர் அங்கே வருகிறார்கள். உறவினர் ஒருவர் கூடவே தங்கி, எப்படித் தூக்குவது, எப்படிப் புரட்டுவது, புண் வராமல் எப்படிக் காப்பது என்று பழகிக்கொள்கிறார். நோயாளி ஒருநாள் வீடு திரும்புவார் என்ற எண்ணத்தில்தான் அங்கே எல்லாம் நடக்கிறது.

நீங்கள் பார்க்கும் இல்லத்திலும் இதைக் கேளுங்கள்: "இங்கயிருந்து வீட்டுக்குத் திரும்பிப் போனவங்க இருக்காங்களா? வீட்டில எப்படிப் பாக்கிறதுண்டு எங்களுக்குக் காட்டித் தருவீங்களா?" உறவினருக்குப் பழக்கிக் கொடுக்கத் தயாராக இருக்கும் இல்லம் ஒளிக்க ஒன்றுமில்லாத இல்லம்.

வயது போனவர், இனி நடக்கமாட்டார் என்று வைத்தியரே சொல்லிவிட்டார் என்றாலும் இந்தக் கேள்வி பொருந்தும். நடக்காதவரைக் கதிரையில் இருத்தலாம். கதிரையில் இருப்பவரை வாசலுக்குக் கொண்டுபோகலாம். தன் கையால் கோப்பையைப் பிடித்துத் தேத்தண்ணீர் குடிக்க வைக்கலாம். இருப்பதை விடாமல் காப்பதும் புனர்வாழ்வுதான்.

டைல்சும் தொலைக்காட்சியும்

சிலர் டைல்ஸ் போட்ட தரையையும் பெரிய தொலைக்காட்சியையும் பார்த்து மயங்குகிறார்கள். கட்டிடத்தின் அழகுக்கும் பராமரிப்புக்கும் சம்பந்தம் இல்லை.

அமெரிக்காவில் 2008 ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் ஒவ்வொரு பராமரிப்பு இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்து வருகிறது. மூன்று விடயங்களைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். பரிசோதகர்கள் நேரில் போய்க் கண்டது ஒன்று. ஆட்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது மற்றது. மூன்றாவது, அங்கே இருப்பவர்களின் உடம்பு என்ன சொல்கிறது என்பது. படுக்கைப் புண் எத்தனை பேருக்கு, எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேர் மெலிந்தார்கள் என்று கணக்கெடுப்பார்கள்.

அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஆட்கணக்கை ஆரம்பத்தில் இல்லங்களே எழுதிக் கொடுத்தன. தன் தயிரைப் புளிக்குது என்று யாராவது சொல்வார்களா? எனவே பின்னர் சம்பளப் பதிவேட்டை வைத்து ஆட்கணக்கு எடுக்கத் தொடங்கினார்கள். 2018 முதல் அந்தக் கணக்கை வைத்தே அதற்குரிய நட்சத்திரம் கொடுக்கப்படுகிறது.

நம் நாட்டில் அப்படி நட்சத்திரம் பார்த்துத் தெரிவு செய்ய வழியில்லை. ஆனால் அந்த மூன்று விடயங்களையும் நாமே பார்க்கலாம். நேரில் போகலாம், ஆட்களை எண்ணலாம், அங்கே இருப்பவர்களின் உடம்பைப் பார்க்கலாம். இல்லக்காரர் வாயால் சொல்வதை மட்டும் கணக்கில் எடுக்கக் கூடாது.

எதைப் பார்க்க வேண்டும்?

1. தோல். படுத்தே கிடப்பவரின் உடம்புப் பாரம் ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே இரத்த ஓட்டம் நின்று சதை அழுகும். இதுதான் படுக்கைப் புண். குதிக்கால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி, பின்மண்டை, முழங்கை ஆகியவை முதலில் பாதிக்கப்படும் இடங்கள். இதைத் தடுக்கச் சாதாரணமாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். "புரட்டின நேரத்த எழுதி வைக்கிறீங்களா, காட்டுங்க" என்று கேளுங்கள். நம்மைப் போன்ற கறுத்த தோலில் ஆரம்பச் சிவப்பு தெரியாது. அந்த இடம் மட்டும் இன்னும் கறுத்து, சூடாக அல்லது கட்டியாக இருக்கும். கையால் தொட்டுப் பார்த்தால்தான் விளங்கும்.

2. நிறை. மாதம் ஒருமுறை நிறுத்து எழுதுகிறார்களா? 50 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோவோ, ஆறு மாதத்தில் 5 கிலோவோ குறைந்தால் அது எச்சரிக்கை. தராசு இல்லாவிட்டால் உடுப்பைப் பாருங்கள். சாரம் முன்னையை விட ஒரு சுற்றுக் கூடுதலாகக் கட்டுப்படுகிறதா, ரவிக்கை தொளதொளக்கிறதா?

3. சாப்பாட்டு நேரம். சோற்று வேளையில் போய் நில்லுங்கள். உட்கார வைத்து ஊட்டுகிறார்களா, படுக்க வைத்தே வாயில் திணிக்கிறார்களா? பாரிசவாதக்காரருக்கு விழுங்குவதில் கஷ்டம் இருக்கலாம். அவசரமாக ஊட்டினால் சாப்பாடு மூச்சுக் குழாய்க்குள் போய் நெஞ்சில் சளி கட்டி, உயிருக்கே ஆபத்தாகும். சாப்பிடும்போது அடிக்கடி புரைக்கேறுகிறதா என்று கவனியுங்கள். தட்டை முன்னால் வைத்துவிட்டு, அரைமணி கழித்து அப்படியே எடுத்துப் போகிறார்களா என்பதையும் பாருங்கள்.

4. தண்ணீர். நம் பகுதி வெயில் எல்லோருக்கும் தெரியும். கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா? உதடு வெடித்து, நாக்குக் காய்ந்து இருக்கிறதா? அடிக்கடி பாய் நனையக் கூடாது என்பதற்காகத் தண்ணீரைக் குறைக்கும் இடங்களும் உண்டு. அது பெரிய பிழை.

5. வாடை. யாரோ ஒருவர் அப்போதுதான் நனைத்திருந்தால் கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும். ஆனால் வாசலிலேயே பழைய மூத்திர வாடை அடித்தால் துணி நேரத்துக்கு மாற்றப்படவில்லை. டெட்டோல் வாடையே மூக்கைத் துளைத்தாலும் சந்தேகப்படுங்கள். எதையோ மூடுகிறார்கள்.

6. எழுந்திருப்பவர் எத்தனை பேர். காலை பத்து மணிக்குப் போனால் எல்லோரும் கட்டிலிலேயே கிடக்கிறார்களா? கதிரையில் சிலர், முற்றத்தில் சிலர், வோக்கரைப் பிடித்து நடப்பவர் ஒருவர் என்று இருந்தால் நல்ல இல்லம்.

7. கட்டி வைத்தல். கையைக் கட்டிலோடு கட்டுவது, எழும்ப முடியாதபடி கதிரையில் பெல்ட் போடுவது போன்றவற்றை "விழாம இருக்கத்தான்" என்பார்கள். கட்டப்பட்டவர் திமிறி விழுந்தால் இன்னும் மோசமாக அடிபடும். தன் வேலை இலகுவாக வேண்டும் என்பதற்காக யாரையும் கட்டி வைக்கக் கூடாது என்று அமெரிக்கா 1987 இலேயே சட்டம் போட்டது. நித்திரைக் குளிசையாலும் ஒருவரைக் கட்டிப்போடலாம். பகல் முழுக்கத் தூங்கி வழிபவர்கள் அதிகமாக இருந்தால், என்ன குளிசை, எந்த டொக்டர் எழுதியது என்று கேளுங்கள்.

8. விழாமல் காக்க என்ன வழி. கக்கூசில் பிடித்து எழும்பக் கம்பி உண்டா? தரை ஈரமாக இருக்கிறதா? இரவில் வெளிச்சம் உண்டா? கட்டில் உயரம் எவ்வளவு?

9. கை வைக்கும் முறை. பாரிசவாதக்காரருக்குச் சேட்டுப் போடும்போது விளங்காத கையைப் பிடித்து இழுக்கிறார்களா? அப்படி இழுத்தால் தோள் மூட்டு இறங்கி, ஆயுளுக்கும் வலிக்கும். பழகியவர்கள் விளங்காத கையை முதலில் சேட்டுக்குள் மெதுவாக விட்டு, நல்ல கையைப் பிறகு விடுவார்கள். இதை ஒருமுறை பார்த்தாலே அங்கே வேலை தெரிந்தவர் இருக்கிறாரா என்பது தெரிந்துவிடும்.

10. மருந்து. ஒவ்வொருவருக்கும் தனித் துண்டு, தனிப் பெட்டி இருக்கிறதா? கொடுத்த நேரம் எழுதப்படுகிறதா? கிளினிக் நாளில் யார் கூட்டிப் போவார்கள்? நடுச்சாமத்தில் மூச்சுத் திணறினால் யார், எந்த வாகனத்தில், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள்?

இரவில் எத்தனை பேர்?

பகலில் ஆட்கள் இருப்பார்கள். பராமரிப்பின் உண்மை இரவில்தான் தெரியும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இல்லத்தில் எழும்ப முடியாதவர்கள் 20 பேர். ஒருவரைப் புரட்டி, நனைந்த துணியை மாற்றி, ஒரு வாய் தண்ணீர் கொடுக்கப் பத்து நிமிடம் என்று வையுங்கள். 20 பேருக்கு 200 நிமிடம். ஆனால் இரண்டு மணித்தியாலத்தில் இருப்பதோ 120 நிமிடம். இரவில் ஒரே ஒருவர்தான் வேலையில் என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒரு கண் மூடாமல் ஓடினாலும், அந்த வேலை முடியாது. ஆகவே புண் வரும். இது ஆளின் குற்றம் அல்ல, ஆட்கணக்கின் குற்றம்.

"எத்தன பேர் வேல செய்றாங்க?" என்று மட்டும் கேட்டால் சமையற்காரர், தோட்டக்காரர், காவற்காரர் எல்லோரையும் சேர்த்துச் சொல்வார்கள். "போன கிழம இரவு வேலைக்கு வந்தவங்கட பேர்ப் பட்டியலக் காட்டுங்க" என்று கேளுங்கள். அவர்களில் பதிவு பெற்ற தாதி எத்தனை பேர், பழக்கம் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். ஆறு மாதத்துக்குமேல் நின்று வேலை செய்பவர்கள் உண்டா என்பதும் முக்கியம். ஆட்கள் வந்து வந்து போகும் இடத்தில் உங்கள் தாயின் பழக்கவழக்கத்தை அறிந்தவர் யாரும் இருக்கமாட்டார்.

பாஷை

நம்மவர்களுக்கு இது தனியாகப் பார்க்க வேண்டிய விடயம். சிலாபத்துக்கு அப்பால் போனால் இல்லங்களில் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர்களே வேலை செய்வார்கள். அதில் பிழையில்லை. ஆனால் வயதானவர் "நோகுது" என்று சொல்வது விளங்காவிட்டால், "கத்துகிற ஆள்" என்று பெயர் வைத்து நித்திரைக் குளிசை கொடுத்துவிடுவார்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்தவர்கூடப் பாரிசவாதம் வந்தபின் தாய்ப் பாஷையில் மட்டும் நாலு சொல் பேசும் நிலைக்கு வரலாம்.

தமிழ் விளங்கும் ஒருவராவது ஒவ்வொரு முறை வேலையிலும் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு மட்டையில் தண்ணீர், கக்கூஸ், நோவு, குளிர், பசி என்று படம் வரைந்து, தமிழ்ச் சொல்லையும் அதன் சிங்கள உச்சரிப்பையும் எழுதிக் கட்டில் தலைமாட்டில் தொங்க விடுங்கள். படத்தைத் தொட்டுக் காட்டினாலே போதும்.

சாப்பாட்டையும் மார்க்கத்தையும் இதோடு சேர்த்துக் கேளுங்கள். ஹலால் சாப்பாடு, வெள்ளிக்கிழமை மரக்கறி, தொழுகைக்குக் கை கால் கழுவ உதவி, ஞாயிறு பூசை போன்றவை சின்ன விடயங்கள் அல்ல. மனம் ஒத்துப்போகாத இடத்தில் உடம்பும் தேறாது.

மூன்று தடவை போங்கள்

முதல் தடவை சொல்லிவிட்டுப் போங்கள். பொறுப்பாளரிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். இரண்டாம் தடவை சொல்லாமல் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். மூன்றாம் தடவை ஞாயிறு பின்னேரமோ பொழுதுபட்ட பிறகோ போங்கள். அப்போது ஆட்கள் குறைவாக இருப்பார்கள். "சொல்லாம வரக்கூடாது", "இந்த அறைக்குள்ள போகக்கூடாது" என்றால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்களின் மானத்தைக் காக்கச் சில நேரம் உள்ளே விடாமல் இருப்பது நியாயம். ஒருபோதும் விடாமல் இருப்பது நியாயமல்ல.

அங்கே யாரையாவது பார்க்க வந்த உறவினரிடம் வெளியே நின்று பேசுங்கள். வேலை செய்பவர்கள் முதியவர்களைப் பெயர் சொல்லி, அம்மா, ஐயா, உம்மா என்று கூப்பிடுகிறார்களா, அல்லது "அந்தா மூணாம் கட்டில்" என்கிறார்களா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

சல்லியும் கைநாட்டும்

பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் கைக்கு வரும் சேமலாப நிதிதான் பெரும்பாலான தொழிலாளர்களின் ஒரே முதல். அதை எடுத்துக்கொண்டு ஓர் இல்லத்துக்குப் போகும்போது விழிப்பாக இருக்க வேண்டும்.

மாதக் கட்டணத்துக்குள் என்ன அடங்கும், என்ன அடங்காது என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெம்பர்ஸ், மருந்து, இயன்மருத்துவர், டொக்டர், ஆஸ்பத்திரி வாகனம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்குப் போட்டால் கட்டணம் இரண்டு மடங்காகும். முற்பணம் எவ்வளவு, இடையில் கூட்டிப் போனால் அல்லது மௌத்தானால் அதில் எவ்வளவு திரும்பி வரும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு முறை காசு கட்டும்போதும் துண்டு வாங்குங்கள்.

வங்கிப் புத்தகம், அடையாள அட்டையின் மூலப் பிரதி, காணி உறுதி ஆகியவற்றை இல்லத்தில் ஒப்படைக்க வேண்டாம். அடையாள அட்டைக்குப் போட்டோப் பிரதி போதும். வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம். அரசாங்கத்தின் முதியோர் கொடுப்பனவு கிடைப்பவராக இருந்தால் அதை யார் எடுப்பது, எதற்குச் செலவழிப்பது என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வேலைத்தலத்தில் விழுந்து அடிபட்டவர் என்றால் இன்னொரு விடயம் உண்டு. வேலையாட்களுக்கான நட்டஈட்டுச் சட்டம் 1934 முதல் நம் நாட்டில் இருக்கிறது. ஆஸ்பத்திரித் துண்டுகள், டயக்னோசிஸ் கார்ட், விபத்து நடந்த நாள், பார்த்த சாட்சி எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, தொழிற் திணைக்களத்தில் அல்லது உங்கள் சங்கத்தில் கேளுங்கள். இல்லத்துக்குக் கட்ட வேண்டிய பணத்தில் ஒரு பங்காவது அங்கிருந்து வரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதியோருக்கான தேசிய சபை ஏற்படுத்தப்பட்டது. முதியோரைத் தங்க வைத்துப் பராமரிக்கும் இல்லங்களின் பதிவு பற்றியும் அச்சட்டத்தில் கூறப்பட்டுள்ளது. தனியார் ஆஸ்பத்திரிகளும் நேர்சிங் ஹோம்களும் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். ஆகவே "பதிவுப் பத்திரத்தக் காட்டுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை. அதில் உள்ள திகதியையும் பாருங்கள், காலம் கடந்ததாக இருக்கக் கூடாது. பதிவு இருந்தால் மட்டும் இல்லம் நல்லதாகிவிடாது. ஆனால் பதிவே இல்லாத இடத்தில் தவறு நடந்தால் முறையிடுவது இன்னும் கஷ்டம்.

அதே 2000 ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளுக்கும் ஒரு பொறுப்பை வைக்கிறது. பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது. தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாத முதியவர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கேட்டுப் பராமரிப்புச் சபையிடம் விண்ணப்பிக்கலாம். இல்லத்தில் சேர்த்துவிட்டதால் கடமை முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

உங்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். எந்த இல்லம் பதிவானது, எங்கே இடம் இருக்கிறது, உதவிப் பணம், சக்கர நாற்காலி கிடைக்குமா என்ற விபரங்களை அவர்களிடம் விசாரிக்கலாம்.

சேர்த்த பிறகு

இல்லத்தை எடைபோடுவது சேர்க்கிற நாளோடு முடிவதில்லை. ஒரு பழைய சி.ஆர். கொப்பியை எடுத்து, போகும் ஒவ்வொரு முறையும் நாலு வரி எழுதுங்கள். நிறை எவ்வளவு? குதிக்காலும் இடுப்பும் எப்படி? எத்தனை அடி நடந்தார், அல்லது எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்? என்ன பேசினார்? எழுதத் தெரியாதவர் பாடசாலைப் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். இரண்டு மாதம் எழுதினால் ஆள் தேறுகிறாரா, தேய்கிறாரா என்பது தானாகவே தெரியும். டொக்டரிடமும் அந்தக் கொப்பியைக் காட்டலாம்.

குறை கண்டால் முதலில் பொறுப்பாளரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அங்கே வேலை செய்யும் பிள்ளைகளும் நம்மைப் போல் குறைந்த சம்பளத்துக்கு உழைப்பவர்கள்தான், அவர்களைத் திட்டிப் பயனில்லை. சொல்லியும் திருந்தாவிட்டால் பிரதேச செயலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். "நாங்க முறைப்பாடு செஞ்சா அம்மாவ மோசமா நடத்துவாங்களோ" என்ற பயம் இயற்கையானது. அந்தப் பயம் வந்துவிட்டதென்றால், அம்மாவை அங்கிருந்து மாற்ற வேண்டிய நேரமும் வந்துவிட்டது.

உறவினர் அடிக்கடி வந்து போகும் கட்டிலுக்குத் தனிக் கவனிப்பு உண்டு என்பது எல்லோரும் அறிந்த விடயம். மாதம் ஒருமுறை பஸ் பிடித்துப் போக முடியாதவர்கள், அந்த ஊரில் இருக்கும் தெரிந்தவர் ஒருவரையாவது எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை முறை வைத்துப் போகலாம்.

இல்லமே கிடைக்காவிட்டால்?

நம்மில் பலருக்கு மாதக் கட்டணம் கட்ட வசதி இல்லை. அவர்களுக்கும் இதே அளவுகோல் உதவும். இரண்டு மணிக்கொருமுறை புரட்டுவது, உட்கார வைத்து ஊட்டுவது, கைக்கு எட்டத் தண்ணீர் வைப்பது, விளங்காத கையை இழுக்காமல் இருப்பது ஆகியவற்றுக்குச் சல்லி தேவையில்லை. ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டும் முன்பே இயன்மருத்துவரிடம் போய், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைக் காட்டித் தரச் சொல்லுங்கள். புத்தளம் அல்லது சிலாபம் வைத்தியசாலையில் தொடர்ந்து பயிற்சிக்கு வரலாமா, ராகமைக்கு அனுப்பக் கடிதம் தருவீர்களா என்று கேளுங்கள். கேட்காமல் போனால், "வீட்டுக்குக் கொண்டு போங்க" என்பதோடு காரியம் முடிந்துவிடும்.

நாற்பது வருடம் மண்ணோடும் மரத்தோடும் மல்லுக்கட்டி உழைத்த உடம்பு அது. அந்த உடம்பு படுக்கையில் விழுந்த பிறகும் கேட்பது பெரிய மாளிகை அல்ல. நேரத்துக்கு ஒரு வாய் தண்ணீர், புண் வராமல் ஒரு புரட்டல், கை கொடுத்து ஒரு தூக்கல். இந்த மூன்றும் எங்கே ஒழுங்காக நடக்கிறதோ, ஓட்டு வீடாக இருந்தாலும் அதுதான் நல்ல இல்லம். போய்ப் பார்த்து, கேட்டு, எண்ணிப் பார்த்துச் சேருங்கள்.